மிதிக்காமல் ஓர் இறக்கம்

பதுளை இறக்கத்தில் சைக்கிள் விட வேண்டுமென்றால் முதலில் மாமியைக் கடந்தாக வேண்டும். ஸலாஹுதீனுக்கு மலையை நினைத்துப் பயமில்லை. மாமியை நினைத்தால்தான் பயம்.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. கல்முனையில் நீர்ப்பாசனக் கந்தோரொன்றில் அவர் கிளாக்கர். அரசாங்க உத்தியோகத்தர்கள் லீவில் குடும்பத்தோடு றெயிலில் இலவசமாகப் போய்வர வருடத்துக்கு மூன்று வாறண்ட் கிடைக்கும். கிடைத்து என்ன, கல்முனையில் றெயில் இல்லையே. மட்டக்களப்புக்குப் போனால்தான் றெயிலின் முகத்தையே பார்க்கலாம். மொட்டையனுக்குச் சீப்புக் கிடைத்த கதையாக அந்த வாறண்டுகள் வருடா வருடம் வீணாய்ப் போயின.

சீப்பு இருந்தால் தலைமயிரைத் தேடிப் போகவேண்டியதுதானே என்று அவருக்கு யோசனை வந்தது கந்தோர் அலுமாரியைத் துப்புரவு செய்த அன்று. உள்ளே பழைய நில அளவைப் படங்கள் கிடந்தன. தரை எங்கே உயர்கிறது, எங்கே தாழ்கிறது என்று கோடு கோடாகக் கீறிய படங்கள். கல்முனைப் படத்தில் தேடித் தேடி ஒரு கோடு அகப்பட்டது. அதுவும் யாரோ மை சிந்தியதாக இருக்கலாம். பதுளைப் படத்தை விரித்தார். கோடுகள் நோன்புப் பெருநாள் சந்தையில் சனம்போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவ்வளவு இறக்கமும் யாரும் அனுபவிக்காமல் சும்மா கிடக்கிறதே என்று அவருக்கு மனம் பதறிப் போயிற்று.

அவருடைய ஆசையைச் சிறுபிள்ளைத்தனம் என்று சிரிப்பவர்கள் ஒருநாள் அவர் குடியிருந்த சாய்ந்தமருதிலிருந்து கல்முனைக்குச் சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும். காலையில் போகும்போது எதிர்க்காற்று. மாலையில் வீட்டுக்குத் திரும்பினால் காற்றும் கூடவே திரும்பி நிற்கும். ஏறி இறங்க வாய்க்கால் பாலம் ஒன்றைத் தவிர வேறு கிடையாது. பதினோரு வருடமாக அந்தக் காற்றோடு மல்லுக்கட்டிய கால்கள். சாவதற்குள் ஒரு முறை, ஒரு முழுத்தூரத்தை மிதிக்காமல் கடக்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

ஏப்ரல் லீவுக்குத் திட்டம் தயாரானது. பதுளைக்கு மாற்றமாகிப் போன சிநேகிதன் ஒருவனின் குவாட்டர்ஸில் தங்குவது. காலை றெயிலில், கார்ட் நிற்கும் சாமான் பெட்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஒருநாள் பண்டாரவளை, மறுநாள் ஹப்புத்தளை, அடுத்தநாள் இன்னும் மேலே பட்டிப்பொல. அங்கே இறங்கி றோட்டில் விட்டுவிட்டால் சைக்கிள் தன்பாட்டில் கீழே வரும். பின்னேரத் தேத்தண்ணிக்கு வீட்டில் நிற்கலாம். மூன்று வாறண்டுக்கு மூன்று இறக்கம்.

சைக்கிளும் மாமி வீட்டுச் சைக்கிள்தான். கலியாணத்தில் வீடு, கிணறு, தென்னைகளோடு சேர்ந்து சீதனமாக வந்தது. குறுக்குப் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். ஊரைவிட்டுப் போன மிஷன் நேர்ஸ் ஒருத்தியிடம் மாமனார், மகள் வளவுக்குள் ஓட்டி விளையாடவென்று எந்தக் காலத்திலோ வாங்கிப் போட்டிருந்தார். அதில் போகும்போது கடைத்தெருவில் நாலு பேர் நாலு சொல் சொல்வார்கள். ஸலாஹுதீன் மணியை அடித்துக்கொண்டு போய்விடுவார். அந்தச் சைக்கிளை ஊரைவிட்டுக் கொண்டுபோக மாமியின் சம்மதம் வேண்டும்.

இதில் ஒரு சங்கடம். அங்கத்தைய வழக்கப்படி மாமி மருமகனோடு நேருக்கு நேர் கதைக்க மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, பூனையிடமோ தண்ணீர்க் குடத்திடமோ சொல்லுவது போலச் சொல்லுவார். சின்ன விசயத்துக்குப் பூனை போதும். பெரிய விசயமென்றால் நடுவில் மகள் நஸீறா வேண்டும். பதினோரு வருடமாக மாமியும் மருமகனும் தங்களுக்குள் சொல்லிக்கொண்டதெல்லாம் நஸீறாவின் வாய் வழியாகப் போய்வந்ததுதான்.

ஆகவே ஸலாஹுதீன் படத்தைக் குசினிக்குக் கொண்டுபோய் நிலத்தில் விரித்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்த நஸீறாவுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். அவள் சுளகைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மிதிக்கவே தேவல்லயா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள்.

"தேவல்ல. பிறேக்கப் பிடிச்சிக்கிட்டு இரிந்தாப் போதும்."

அவள் சுளகை வைத்துவிட்டு, படத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, மாமியின் அறைக்குள் போனாள். ஸலாஹுதீன் மண்டபத்தில் நின்று காதைத் தீட்டினார். உள்ளே குசுகுசுப்புத்தான் கேட்டது, சத்தம் உயரவில்லை. சற்று நேரத்தில் நஸீறா வெளியே வந்தாள்.

"உம்மா ஓம் என்டுட்டா."

இவ்வளவு சுளுவாக முடியுமென்று தெரிந்திருந்தால் ஐந்து வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கலாமே என்று அவர் நொந்துகொண்டார். அன்று பின்னேரமே போய்ப் புதுப் பிறேக் கட்டைகள் வாங்கி வந்தார்.

மறுநாள் முற்றத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிறேக் பூட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ஹப்ஸா வேலிக்கு மேலால் ஒரு சாம்பிராணிப் பொட்டலத்தை நீட்டினாள்.

"தம்பி, மலைக்குப் போறீங்களாமே. எனக்கும் ஒரு துஆ கேளுங்க. அல்லா ஒங்கட நேர்ச்சைய கபூலாக்கட்டும்."

ஸலாஹுதீன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திகைத்து நின்றார். சைக்கிள் விடப் போகிறவனுக்குச் சாம்பிராணி எதற்கு? பிறகுதான் மண்டையில் உறைத்தது. அந்த ஊரில் வெறுமனே மலை என்றால் ஒரு மலைதான். ஆதம் நபியின் பாதம் பட்டதென்று ஊர் நம்பும் பாவாத மலை. அங்கே போகிறவர்கள் நேர்ச்சை வைத்து, ஒரு வேண்டுதலோடுதான் போவார்கள். மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். நஸீறா மலை என்றதைப் பாதி கேட்டிருப்பார், மீதியை ஹப்ஸா வேலியோடு நின்று கேட்டு ஊருக்குப் பங்கு வைத்திருப்பாள். அப்படித்தான் அவர் முடிவுகட்டினார்.

"இல்ல ராத்தா, அந்த மலையில்ல," என்று அவசரமாகத் திருத்தினார். "நான் நேர்ச்ச கீர்ச்ச ஒன்டும் வெக்கல்ல. மேலுக்குப் போய்ச் சும்மா இறக்கத்தில உருண்டு வரத்தான் போறன்."

ஹப்ஸா வாயில் கை வைத்தாள். அப்படியே உள்ளே போய்விட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். மதியம் லுஹர் பாங்குக்கு முன்னமே, ஸலாஹுதீன் பாவாத மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும் உடம்பால் உருண்டு வருவதாக நேர்ச்சை வைத்திருக்கிறார் என்ற செய்தி கடற்கரையிலிருந்து வயல்வெளி வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

கந்தோருக்கும் அது அவருக்கு முன்னால் போயிருந்தது. பக்கத்து மேசைத் தம்பிமுத்து காரைதீவுக்காரர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எங்கட ஆக்களும் திருக்கோயில்ல உருளுறவங்கதான். ஆனா அது மணல், சமதரை. நீர் மலையில இருந்து உருளப் போறீராமே. அப்பிடி என்ன காணும் உமக்குக் குறை?"

ஸலாஹுதீன் படத்தை எடுத்து விரித்தார். வாறண்ட், கார்ட் பெட்டி, இறக்கம் எல்லாவற்றையும் சொன்னார். தம்பிமுத்து சிரித்த சிரிப்பில் மேசையிலிருந்த பேனாவெல்லாம் உருண்டன. ஊரில் இந்தத் திட்டத்தைச் சரியாக விளங்கிக்கொண்ட மனிதர் அவர் ஒருவர்தான் என்று ஸலாஹுதீனுக்கு அப்போது தோன்றியது. கந்தோர் ஆட்களுக்காவது உண்மையைப் பக்குவமாகச் சொல்லும்படி அவரிடமே கேட்டுக்கொண்டார்.

தம்பிமுத்துவும் சுருக்கமாகத்தான் சொன்னார். நேர்ச்சையெல்லாம் இல்லை, பாவம், மனிதருக்குச் சைக்கிள் மிதிக்க ஏலாமல் போய்விட்டது, அதுதான் விசயம் என்றார். சைக்கிளில் உட்கார்ந்து மிதிக்க ஏலாத நோய் என்னவென்று கந்தோர் கூடி ஆராய்ந்தது. அடுத்தநாள் காலை ஸலாஹுதீனின் கதிரையில் பஞ்சுத் தலையணை ஒன்று இருந்தது. பெரிய கிளாக்கர் ஒரு கருணைக்கிழங்கைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்து, மூலத்துக்கு இதைவிடக் கைகண்ட மருந்து கிடையாது என்று காதோடு சொன்னார். கேட்ட நாளுக்கெல்லாம் லீவும் கிடைத்தது.

கிழங்கோடு வீட்டுக்கு வந்தவர் நஸீறாவைக் கூப்பிட்டார். இது நேர்ச்சையுமில்லை, மூலமுமில்லை, வெறும் சைக்கிள் ஓட்டம் என்று மாமியிடம் விளக்கமாகச் சொல்லிவிட்டு வா என்று அனுப்பினார். நஸீறா போனாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஒரு பவ்வியம் இருந்தது.

"சொன்னன். நேர்ச்சைய வெளிய சொல்லப்படாதாம். அத மறைக்கத்தான் நீங்க விளையாட்டுக் கதை கதைக்கிறீங்களாம். உம்மா அழுதுட்டா."

அது பொய்யில்லை. கதவுக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "கேட்டியா பூன," என்று மாமியின் குரல் தழுதழுத்தது, "இப்பிடி ஒரு மருமகன் இந்த ஊரில ஆருக்குக் கிடைச்சிரிக்கி?"

பதினோரு வருடத்தில் அந்த வீட்டுப் பூனையிடம் அவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லப்பட்டது அன்றைக்குத்தான். ஸலாஹுதீனுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அன்றிரவு பெரிய மீன்தலை அவருடைய சோற்றுக் கோப்பையில் விழுந்தது. உண்மையை நாளைக்குச் சொல்லலாம் என்று தின்றுவிட்டுப் படுத்தார்.

ஆனாலும் அல்லாவின் பேரால் ஒரு பிழையான கதை ஊரில் உலாவுவது அவருக்கு உறுத்தியது. பள்ளிவாசலுக்குப் போய், அங்கே தொழுகை நடத்தும் அச்சிமுகம்மது லெப்பையைத் தனியே கண்டு, ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் கொட்டினார். காற்றைப் பற்றிக்கூடச் சொன்னார். லெப்பை கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, மனதில் வைத்த நிய்யத்தை என்னிடமும் சொல்லத் தேவையில்லை மகன், நீங்கள் மறைக்கிற மறைப்பிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வாசலில் நின்ற நாலு பேரிடம் லெப்பை, பெயரைச் சொல்லாமல், பெருமை பேசாமல் பயணம் புறப்படும் ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார். பெயரைச் சொல்லியிருந்தால்கூட ஊர் அவ்வளவு உருகியிருக்காது. அப்போதுதான் பெரும்போக அறுவடை முடிந்த நேரம். நெல் விற்ற காசு மடியில் இருந்தது, வயலில் வேலை இல்லை. தனியே ஒரு மனிதனை மலைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் வீட்டில் இருப்பதா என்று யாரோ ஒருவர் கேட்டார். அவ்வளவுதான், ஒரு பஸ் பேசியாயிற்று.

தம்பிமுத்துவும் தன் பங்குக்குக் கொள்ளி வைத்தார். உங்களுக்குப் பாவாத மலையென்றால் எங்களுக்கு அது சிவனொளிபாதம், எங்களுக்கும் இடம் வேண்டும் என்று காரைதீவுப் பக்கமிருந்து ஒரு கூட்டத்தைச் சேர்த்துவிட்டார். பஸ் நிறைந்தது. மாமி முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். நஸீறாவும் போவதால் அவளுடைய சின்னப் பிள்ளைகளை மாமியின் தங்கச்சி பார்த்துக்கொள்வதென்று ஏற்பாடாயிற்று. நேர்ச்சைச் சைக்கிள் என்றபடியால் சைக்கிளைப் பஸ்ஸுக்கு மேலே கட்டி, அதற்கு ஒரு பச்சைத் துணியும் போர்த்துவதென்று முடிவாயிற்று. இளவட்டங்கள் வந்து ஸலாஹுதீனின் தோளைத் தடவிப் பார்த்து, உருளத் தாங்குமா என்று தங்களுக்குள் விசாரித்தார்கள்.

அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பஸ் நேரே பாவாத மலை அடிவாரத்துக்குப் போகும். அங்கே படிக்கட்டு. படிக்கட்டில் சைக்கிள் விட முடியாது. பஸ் நிறைய ஆட்கள் வேறு அவர் உருளுவதைப் பார்க்கக் காத்திருப்பார்கள். பண்டாரவளையும் ஹப்புத்தளையும் படத்திலேயே கிடக்கப் போகின்றன. கிடைத்த ஒரு லீவும் போயிற்று, ஒரு இறக்கமும் கிடைக்கப் போவதில்லை என்று நினைத்தபோது உண்மையாகவே அவருக்குக் கண் கலங்கியது.

நஸீறாதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இஞ்சாருங்க," என்றாள் மெதுவாக. "பஸ்ஸில மலை ஏறினா உம்மாக்குத் தலை சுத்தும். பதுளைக்கு மட்டும் பஸ்ஸில போய், அங்கால மலைக்குக் கிட்ட இரிக்கிற ஹற்றனுக்கு றெயில்ல போனா என்ன? ஒங்கட வாறண்டும் சும்மாதானே கிடக்கு. சைக்கிளையும் கார்ட் பெட்டியில போட்டுரலாம்."

ஸலாஹுதீன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பதுளையிலிருந்து ஹற்றனுக்குப் போகிற றெயில் பண்டாரவளையைத் தாண்டி, ஹப்புத்தளையைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தப் பெண்ணுக்கு, தான் என்ன சொல்லுகிறோம் என்பதே தெரியாது. தெரியாமலே வழியைத் திறந்து விட்டுவிட்டாள். அவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கூடவே, கள்ளங்கபடமில்லாத இவளை ஏமாற்றப் போகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. அந்த வெட்கத்தில் அவளுக்கு ஒரு சோடி வளையல் வாங்கிக் கொடுத்தார்.

புதுத் திட்டம் தம்பிமுத்துவுக்கு மட்டும் தெரியும். ஹப்புத்தளையில் தேத்தண்ணி குடிக்க இறங்குவதுபோல ஸலாஹுதீன் இறங்குவார். சைக்கிளை எடுத்துக்கொண்டு மறைந்துவிடுவார். றெயில் வெளிக்கிட்ட பிறகு தம்பிமுத்து, ஐயோ மனிதர் றெயிலைத் தவறவிட்டுவிட்டாரே என்று கையைப் பிசைவார். ஸலாஹுதீன் மிதிக்காமல் பதுளைக்கு வந்து சிநேகிதன் வீட்டில் படுத்திருப்பார். கூட்டம் மலை ஏறித் திரும்பி வரும்போது சேர்ந்துகொள்வார். அல்லா நாடவில்லை என்று சொன்னால் அதற்கு மேல் யார் பேச முடியும்?

பதுளை ஸ்டேஷனில் விடியற்காலைக் குளிரில் ஊர் பல்லைக் கிட்டிக்கொண்டு நின்றது. பெண்களெல்லாம் கடைசிப் பெட்டி, ஆண்கள் முன்பெட்டி. இதுவும் நஸீறா சொல்லி மாமி உத்தரவான ஏற்பாடு. பூனை கூட வராதபடியால் மாமி அதை ஸ்டேஷன் தூணிடம் சொன்னார். கார்ட் யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த மீசை. வாறண்டை வாங்கிப் பார்த்தார். அதில் எழுதியிருந்த புருசனையும் பெண்சாதியையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பச்சைத் துணியோடு சைக்கிளை வாங்கித் தன் பெட்டிக்குள் சாத்தி வைத்தார்.

றெயில் ஏறத் தொடங்கியது. கடலையும் வயலையும் தவிர வேறு தெரியாத கூட்டம் ஜன்னல்களில் தொங்கியது. தெமோதரையில் றெயில் ஸ்டேஷனுக்கு அடியால் நுழைந்து, மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, அதே ஸ்டேஷனில் மேலே ஏறி நின்றபோது, லெப்பை வாய்விட்டு ஸுப்ஹானல்லாஹ் என்றார், காரைதீவுக்காரர் ஒருவர் அதே மூச்சில் முருகா என்றார். ஸலாஹுதீன் மலையைப் பார்க்கவில்லை. றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைக்குள்ளால் அது வளைந்து வளைந்து கீழே போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு இறக்கம். அவருடைய கை தானாகவே ஜன்னல் சட்டத்தைப் பிறேக் பிடிப்பதுபோலப் பிடித்துப் பிடித்து விட்டது.

பண்டாரவளையில் றெயில் நின்றது. ஆண்கள் தேத்தண்ணிக்கு இறங்கி ஓடினார்கள். இங்கே எழும்பினால் ஹப்புத்தளையில் மறுபடி எழும்ப யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று ஸலாஹுதீன் அசையாமல் இருந்தார். பொறுத்தவனுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறக்கம்.

ஹப்புத்தளை வந்தபோது மேகம் ஸ்டேஷனுக்குள்ளேயே நடமாடியது. தம்பிமுத்து கண்ணைக் காட்டினார். ஸலாஹுதீன் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி, மாமியின் கண்ணில் படாமல் பெண்கள் பெட்டியைக் குனிந்து கடந்து, பின்னால் ஓடினார். பதினோரு வருடக் காற்று இன்றோடு தீர்ந்தது என்று நினைத்தார்.

கார்ட் பெட்டி வாசலில் கார்ட் நின்றார். உள்ளே இரண்டு மரக்கறிக் கூடைகள் இருந்தன. ஒரு மூலையில் பச்சைத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

"ஐயா, என்ட சைக்கிள்?" என்றார் ஸலாஹுதீன் மூச்சிரைக்க.

கார்ட் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"அதைப் பண்டாரவளையிலயே உங்கட மனிசி இறக்கிக்கொண்டு போட்டா, தம்பி. 'மலைக் கதையக் கட்டினது நான்தான், அதால இறக்கமும் எனக்குத்தான்' எண்டு உங்களிட்டச் சொல்லச் சொன்னவ."